கசக்காத பியர்

ஒரு மனிதனுக்குப் பியர் கசக்காவிட்டால் அவன் விடிவதற்குள் செத்துப்போவான் என்று ஒரு பின்னேரம் முழுவதும் நான் மனதார நம்பியிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் வலைச்சாமான் கடை வைத்திருப்பவன், நாள் தவறாமல் பேப்பர் படிப்பவன். சிரிக்காதீர்கள். அப்படி நம்புவதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல திறமான காரணம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விசர்த்தனமாகத் தெரிகிறது.

கனடாவிலிருந்து மச்சான் வந்திருந்தார். மனைவியின் தம்பி. அங்கே பகலில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சுகிறார். விற்பதற்கல்ல, ஆசைக்கு. அவரைப்போல ஆசைக்குக் காய்ச்சுகிறவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். ஆளுக்கொரு போத்தலோடு வந்து, முகர்ந்து, சுவைத்து, ஒருவர் காய்ச்சினதை மற்றவர் குறை சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் பிரிவார்களாம்.

"குறை சொல்லுறதுக்கோ கூடுறியள்?" என்று கேட்டேன்.

"ஓம் அத்தான். குறை சொன்னாத்தானே அடுத்தமுறை திருத்தலாம்."

எங்கள் ஊரில் அதற்கென்று தனியாகச் சங்கம் தேவைப்படுவதில்லை. பஸ் வரும்வரை சந்தியில் நின்றால் போதும்.

இந்தமுறை மச்சான் தன் பியரையும் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். உடையாமலிருக்க ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு கம்பளிக் காலுறை. கட்டிலில் வரிசையாகக் கிடந்தபோது குளிர்நாட்டில் பிறந்த பிள்ளைகளைப்போல இருந்தன. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைக் குடித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்றார். "குடிக்க" என்பது எனக்கு விளங்கியது. "தீர்ப்பு" எதற்கு என்பதுதான் விளங்கவில்லை.

விளங்கப்படுத்தினார். பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் கொடுப்பது ஹொப்ஸ் என்று ஒரு கொடியின் பூவாம். அதில் பல சாதி. ஒன்று தோடம்பழம்போல மணக்கும், ஒன்று தேவதாருப் பலகைபோல மணக்கும். இவர் இரண்டு வருடமாகத் தேடிப் பிடித்தது, கறுத்தக்கொழும்பான் மாம்பழம்போல மணக்கும் ஒரு சாதி. பிடித்துவிட்டேன் என்றுதான் அவர் நம்புகிறார். ஆனால் நிச்சயமில்லை.

"சங்கத்திலை எல்லாரும் மாம்பழ வாசம் எண்டு சொல்லுறாங்கள். அவங்களுக்கு மாம்பழம் எண்டால் பெட்டியிலை வாற பழம், அத்தான். கறுத்தக்கொழும்பானோ இல்லையோ எண்டு இஞ்ச இருக்கிற மூக்குத்தான் சொல்லவேணும். அடுத்த மாசம் போட்டி. பொய் சொல்லாமல் சொல்லோணும்."

கடைசி வசனத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்கும் காரணமுண்டு. முன்னொருமுறை வந்தபோதும் இரண்டு போத்தல் கொண்டுவந்திருந்தார். மேசையிலிருந்த கிளாசை எடுத்து ஒரே மிடறில் குடித்துவிட்டு, "என்ன நயம், என்ன பக்குவம், இப்பிடி ஒரு பியர் இந்தத் தீவிலை முந்தி இறங்கேல்லை" என்று நான் ஒரு சொற்பொழிவே செய்தேன். மனைவி வந்து, தான் குடிக்கவென்று ஊற்றிவைத்த இஞ்சிச் சோடா எங்கே என்று கேட்டபிறகுதான் சொற்பொழிவு நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நடுவர்கள் வரமுதல் வளவைக் கொஞ்சம் துப்புரவாக்கும்படி மனைவி சொன்னார். வேலியோரத்தில் காய்ந்து விழுந்த பனையோலை, காவோலை, குவிந்துகிடந்தது. ஓலையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. அதே கணத்தில் கணுக்காலில் சுரீரென்று ஒன்று ஏறியது. குனிந்து பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி. பனைமட்டை ஓரத்து முள், கருக்கு, குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பனையோடு வாழ்கிறவனுக்குக் கருக்குக் கீறுவது நுளம்பு கடிப்பதைப்போல. எச்சில் தொட்டுத் தடவிவிட்டுப் போய்க் குளித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை செய்யாமலிருக்கச் சாட்டு என்பார்கள். முன்பு ஓரிரு தடவை அது சாட்டாகவும் இருந்திருக்கிறது.

பின்னேரம் முற்றத்து வேம்பின் கீழே கதிரைகள் போட்டோம். நடுவர்கள் மூன்று பேர். நான். பக்கத்து வீட்டு அண்ணை. கடலுக்குப் போகிறவர், போகாத நாளில் ஓட்டோ ஓடுகிறவர். மூன்றாவது நடுவர் என் மனைவி. "நான் குடிக்கமாட்டன், மணந்து மட்டும் பாப்பன்" என்ற நிபந்தனையோடு அவர் இருந்தார். மச்சான் குசினிக்குள் நின்று ஊற்றிக்கொண்டு வந்தார். நடுவர்கள் போத்தலைப் பார்க்கக்கூடாதாம், அது சங்கத்தின் ஒழுங்காம். ஆளுக்கொரு கிளாசைக் கையில் தந்தார்.

"முதல்லை நிறத்தைப் பாருங்கோ. பேந்து நுரை. பேந்து மணந்துபோட்டு, ஒரு வாய் எடுத்து நாக்கிலை வைச்சிருந்து விழுங்குங்கோ. விழுங்கினாப்போலை கொஞ்சம் பொறுக்கவேணும். பின்னாலை வாற ருசிதான் முக்கியம்."

"கள்ளுக் குடிக்கேக்கை நாங்கள் பாக்கிறது ஒண்டே ஒண்டு," என்றார் அண்ணை. "ஓலைப் பிளாவுக்குள்ளை பூச்சி கிடக்குதோ எண்டு."

நிறம் நல்ல தேன் நிறம். நுரை வெள்ளையாக நின்றது. அண்ணை ஒரு வாய் எடுத்தார். கன்னம் உப்பியது. கண் சுருங்கியது. அப்படியே திரும்பி வேம்பின் அடியில் துப்பினார்.

"கடவுளே! என்னடா தம்பி இது? வேப்பம்பட்டையை அவிச்சோ கொண்டந்தனீ? நாக்கு உள்ளுக்குப் போட்டுது!"

மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "கசக்குதோ?"

"கசக்குதோவோ? என்ரை அப்பருக்கும் சேத்துக் கசக்குது!"

மனைவி கிளாசை மூக்கடியில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "மாம்பழம் இல்லைத் தம்பி. ஆனா மாமரம். கறுத்தக்கொழும்பான் பிடுங்கேக்கை காம்பு ஒடிஞ்சு பால் வடியுமெல்லே, அந்த மணம். கையிலை பட்டா எரியுமே, அது." பிறகு நிபந்தனையை மறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "அம்மாடி, சரியான கச்சல்" என்று முந்தானையால் வாயைத் துடைத்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தார்.

நான் முகர்ந்தேன். மாம்பழமுமில்லை, மாமரமுமில்லை. வெதுப்பகத்தைக் கடந்து போகும்போது வருமே, பாண் வாசம், அதுதான் வந்தது. ஒரு வாய் எடுத்தேன். நாக்கில் வைத்திருந்தேன். விழுங்கினேன். பொறுத்தேன். இன்னும் பொறுத்தேன். கசப்பு வரவில்லை. இலேசான இனிப்பு, சீனியைக் கருக்கின மாதிரி. அவ்வளவுதான்.

"எப்பிடி அத்தான்?"

"கசப்பே இல்லையே," என்றேன். "நல்ல இனிப்பு."

"உவருக்கு எல்லாத்துக்கும் ஒரு பகிடி," என்றார் மனைவி.

மச்சான் சிரித்தார். என்ன சிரிப்பு அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் மறுபடி ஒரு வாய் எடுத்தேன். இனிப்பு. அண்ணை துப்பின இடத்தைப் பார்த்தேன். மனைவி இன்னமும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், தலைக்குமேலே வேப்பிலை சலசலத்தபோது, எனக்கு அந்த விஷயம் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரியும். ஒருவனைப் பாம்பு கடித்ததோ இல்லையோ என்று சந்தேகம் வந்தால் வேப்பிலையைத் தின்னக் கொடுப்பார்கள். கசந்தால் பயமில்லை. கசக்காவிட்டால், இனித்தால், விஷம் ஏறிவிட்டது.

கணுக்கால் விண்ணென்று தெறித்தது. மத்தியானம் முழுவதும் தெறிக்காத கால்.

சரசரவென்று ஓடினது என்ன? கருக்கு ஓடுமா? கருக்குமட்டைக்குக் காலா இருக்கிறது? இரண்டு புள்ளி, பக்கத்தில் பக்கத்தில். எங்கள் தீவில் சுருட்டை விரியனுக்குப் பஞ்சமில்லை. அது ஓலைக்குள்தான் கிடக்கும். இப்போது நாக்குப் போய்விட்டது. மூக்கும் போய்விட்டது, மற்றவர்களுக்கு மாமரம் மணக்கிறது, எனக்குப் பாண் மணக்கிறது. அடுத்தது என்ன போகும்?

பயந்துபோன பகிடிக்காரனைப்போலப் பாவப்பட்ட பிறவி உலகத்தில் இல்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கத் தயாராக இருப்பார்கள். ஆகவே முதலில் நானே சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன். கையை உயர்த்தி ஒரு கொத்து வேப்பிலை பறித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்ன தம்பி, மாடு மாதிரி?" என்றார் அண்ணை.

"பல்லுக்கு நல்லது அண்ணை."

மென்றேன். கசந்தது. ஆனால் போதுமான அளவு கசந்ததா? வேப்பிலை இதைவிடக் கூடக் கசக்கவேண்டுமல்லவா? கடைசியாக எப்போது வேப்பிலை தின்றேன் என்று யோசித்தேன், அம்மை வந்தபோது. அன்றைய கசப்பையும் இன்றைய கசப்பையும் எதை வைத்து அளப்பது?

எழும்பிக் குசினிக்குள் போனேன். மத்தியானத்துப் பாவற்காய்க் கறி சட்டியில் மிச்சமிருந்தது. ஒரு துண்டு. கசப்பு உண்டு, ஆனால் தேங்காய்ப்பால் மறைக்கிறது. சாட்சியாக ஏற்க முடியாது. வெந்தயம் ஒரு பிடி. முன்னுக்குக் கசப்பில்லை, பின்னுக்கு வந்தது. மச்சான் சொன்னபடி பொறுத்துப் பார்த்ததில் தெரிந்தது. காய்ச்சலுக்குப் போடும் பனடோல் ஒன்றைத் தண்ணீரில்லாமல் கடித்தேன். கசந்தது என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் வாய் முழுவதும் ஒரே கலவையாகிவிட்டது. எது எந்தக் கசப்பு என்று பிரிக்க ஏலவில்லை. கனடாவிலுள்ள அந்தச் சங்கத்தில் ஒருவராவது அன்று நான் சுவைத்தளவு கவனமாக எதையும் சுவைத்திருக்கமாட்டார்.

மனைவி வந்து வாசலில் நின்றார். நான் மிளகுப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?"

"இஞ்சேரும்," என்றேன். "நான் சாகப்போறன்."

"சாகிறதுக்கு முன்னம் அந்தக் காவோலையைக் கட்டி வையுங்கோ."

"பகிடி இல்லையப்பா. சத்தியமாய். மத்தியானம் அந்த ஓலைக்குள்ளை ஏதோ கடிச்சது. இஞ்ச பாரும்." காலைத் தூக்கிக் காட்டினேன். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன். நிற்க முடியாமல் போனதும் விஷத்தின் வேலை என்றே கணக்கு வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கலியாணம் கட்டின இத்தனை வருடத்தில் என் முகத்தில் பகிடி இல்லாததை முதல்தடவை கண்டாரோ என்னவோ, முற்றத்தைப் பார்த்து ஒரு சத்தம் வைத்தார்.

"அண்ணை! ஓட்டோவை எடுங்கோ! கெதியா!"

அண்ணை எடுத்த ஒரேயொரு வாய் பியரையும் துப்பிவிட்டிருந்ததால் வாகனம் ஓட்டத் தகுதியான ஒரே ஆண் அவர்தான். பின்னால் மனைவி ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், நடுவில் நான். மச்சானின் முகம் வெளுத்திருந்தது. "பாம்பைக் கண்டனீங்களோ அத்தான்? என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பியரைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கதைத்தால் விஷம் கெதியாக ஏறும் என்று யாரோ சொன்ன ஞாபகம். வேறு யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. அந்தத் தூரத்துக்குள் நான் வைத்த நேர்த்திக்கடன்கள்தான் அதிகம். அந்தோனியாருக்கு என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. பாம்பு விஷயமென்பதால் அந்தோனியாருக்கு இதில் எவ்வளவு அதிகாரம் என்ற சந்தேகம் வந்தது. ஆகவே ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கனாகிய நான், நாகத்தைப் பூண்ட நயினாதீவு அம்மாளுக்கும் வந்து கற்பூரம் கொளுத்துவதாகச் சொல்லிவைத்தேன். இருவரில் யார் முதலில் வந்தாலும் சரி.

டொக்டர் இளம் பெண். கதிரையில் இருத்தினார். காலைப் பார்த்தார், அமத்திப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"பாம்பைக் கண்டனீங்களோ ஐயா?"

"இல்லை டொக்டர். சத்தம் கேட்டது."

"எத்தினை மணிக்குக் கடிச்சது?"

"மத்தியானம்."

"மத்தியானமோ?" அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "வீக்கம் இல்லை. கண் சொருகேல்லை. பல்லு முரசிலை இரத்தம் இல்லை. வலி?"

"இப்ப வலிக்குது."

"மத்தியானம் வராமல் இப்ப ஏன் வந்தனீங்கள்? விஷம் ஏறினது எண்டு என்னெண்டு தெரிஞ்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் அண்ணை, பக்கத்தில் தாதி. தப்ப வழியில்லை.

"பியர் கசக்கேல்லை டொக்டர்."

டொக்டரின் பேனை நின்றது. "என்ன?"

"எல்லாருக்கும் கசந்தது. எனக்கு மட்டும் இனிச்சது. வேப்பிலை இனிச்சால் விஷம் எண்டு சொல்லுறவை. அதுதான்..."

முதலில் சத்தம் வந்தது மச்சானிடமிருந்து. விக்கலா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். அவர் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து, நிலத்தில் குந்திவிட்டார்.

"அத்தான்," என்றார், மூச்சுப் பிடித்துக்கொண்டு. "அத்தான், உங்களுக்குத் தந்தது வேறை போத்தல்."

"என்ன?"

"ஒரே பானையிலை காய்ச்சினதுதான். பாதிக்கு ஹொப்ஸ் போட்டனான். மற்றப் பாதிக்குப் போடேல்லை. நீங்கள் சும்மா எல்லாத்தையும் புகழுவியள் எண்டு... இனிப்பைக் குடிச்சுப்போட்டு 'கசப்பெண்டால் இதுதான் கசப்பு' எண்டு சொல்லுறியளோ எண்டு பாக்கத்தான்... பேந்து சொல்லுவம் எண்டு இருந்தனான். நீங்கள் குசினிக்கை போட்டியள்."

ஆஸ்பத்திரியில் சிரிக்கக்கூடாது என்று ஒரு பலகை எங்கும் தொங்குவதில்லை. அன்று அது குறையாகப் போய்விட்டது. தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சு எடுக்கப் போனார். அண்ணை வெளியே போய் ஓட்டோவின் கூரையில் தட்டித் தட்டிச் சிரித்தது உள்ளே கேட்டது. மனைவி சிரிக்கவில்லை. தம்பியின் தலையில் ஒரு குட்டு, என் தோளில் ஒரு அடி, பிறகு கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

டொக்டர் மட்டும் விடவில்லை. "எண்டாலும் பாக்கத்தான் வேணும்," என்றார். இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஆட்டாமல் வைத்தார். உறையாமல் தண்ணீராகவே இருந்தால்தான் விரியனின் வேலையாம். மச்சானின் கதைக்குப் பிறகும் நான் அந்தக் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாக்குத் தப்பிவிட்டது, சரி, கால்? கொஞ்ச நேரத்தில் டொக்டர் குழாயைச் சரித்துப் பார்த்தபோது இரத்தம் உறைந்து அசையாமல் நின்றது. என் சொந்த இரத்தம் இவ்வளவு சொல்வழி கேட்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு தாதி புண்ணைக் கழுவினார். சின்னச் சாவணத்தால் எதையோ பிடித்து இழுத்து, வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். கறுப்பாக, பூனைப் பல்லளவில், ஒரு கருக்குத் துண்டு.

"ஐயா," என்றார் டொக்டர், நாங்கள் வெளிக்கிடும்போது. "வேப்பிலை கசந்தது எண்டு நம்பி வீட்டிலை நிண்டு, கடைசி நேரத்திலை வந்தவையும் இருக்கினம். நாக்கை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. கடிச்சால் உடனை வாங்கோ. பியர் குடிச்சுப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."

"ஓம் டொக்டர்."

"உந்தப் பியர் உண்மையிலை மாம்பழம் மாதிரி மணக்குமோ?"

"இல்லை," என்றார் மனைவி. "மாம்பால்."

மறுநாள் பின்னேரம் அதே வேம்பின் கீழே, என் கண் முன்னாலேயே போத்தலைத் திறக்கவைத்து, மச்சான் ஊற்றின பியரைக் குடித்தேன். முகர்ந்ததும் மனைவி சொன்னது சரியென்று தெரிந்தது: பழமல்ல, காம்பு ஒடிந்த இடத்துப் பால். மாமரத்தில் ஏறிச் சட்டையில் கறையோடு இறங்கிய மணம். வாயில் வைத்தேன். முதலில் பாண், பிறகு தோடம்பழத் தோல், அதற்குப் பின்னால் ஏறி வந்தது கசப்பு. தொண்டை வரைக்கும் கசந்தது, காது வரைக்கும் கசந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் நான் இவ்வளவு சந்தோஷமாக முகத்தைச் சுளித்ததில்லை.

"தீர்ப்பு, அத்தான்?"

"கசக்குது மச்சான்! அருமையாய்க் கசக்குது!"

"குறை சொல்லுங்கோ எண்டால்..."

யோசித்தேன். அந்த மனிதன் இரண்டு வருடம் தேடியிருக்கிறார். "மாம்பழம் எண்டு சங்கத்திலை சொல்லாதேயும்," என்றேன். "மாம்பால் எண்டு சொல்லும். பழம் எண்டு சொன்னால் இனிப்புத் தேடுவாங்கள், ஏமாந்துபோவாங்கள். கசப்பு விழுங்கினாப்போலையும் கனநேரம் நிக்குது. ஒரு பிடி ஹொப்சைக் குறையும்." பகிடி கலக்காமல் நான் ஒருவருக்குச் சொன்ன முதல் தீர்ப்பு அதுவாகத்தானிருக்கும். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு வாய் எடுத்து, நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். பிறகு, "ஓம், மாம்பால்தான்" என்றார்.

நேர்த்திக்கடனை மனைவி மறக்கவிடவில்லை. மெழுகுதிரி என் உயரத்துக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த உயரத்துக்கு அந்தோனியார் சம்மதித்தார். பிறகு குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்கும் போய்க் கற்பூரம் கொளுத்தினோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, என்ன நேர்த்தி என்று கேட்டார். பாம்புக்கடி என்றேன். பயபக்தியோடு என் காலைப் பார்த்தார். அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

பாம்பு ஒன்றும் கடிக்கவில்லை. கருக்குமட்டை குத்தியது. எனக்குத் தந்த கிளாசில் ஹொப்ஸ் இல்லை.